தேர்ச்சிக் கணக்கில் வராத பிள்ளைகள்

தென்புறநகர்ப் பள்ளிகள் – 8

தேர்வு முடிவு வந்த மறுநாளே ஜி.எஸ்.டி. சாலை நெடுக மாணவர் முகங்களோடு ஃபிளெக்ஸ் பலகைகள் எழுந்துவிடுவதைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். மாநில ரேங்க் பட்டியலை அரசு 2017இல் கைவிட்ட பிறகும் தனியார் பள்ளிகளிடம் அந்தப் பழக்கம் போகவில்லை. இந்த வாரம், பலகை வைக்கக் காசில்லாத அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்கு வருவோம்.

2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதம். அரசுப் பள்ளிகளை மட்டும் எடுத்தால் 91.26. அதற்கு முந்தைய ஆண்டு 87.90ஆக இருந்தது ஒரே ஆண்டில் மூன்று புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது. 'மெல்லக் கற்போர்' என்று பெயரிடப்பட்ட பிள்ளைகளுக்காகக் காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களின் உழைப்பு இதற்குள் இருக்கிறது. மாவட்டங்களில் முதலிடம் சிவகங்கைக்கு, 98.31. மென்பொருள் நிறுவனங்களும் பொறியியல் கல்லூரிகளும் நிறைந்த நம் செங்கல்பட்டு மாவட்டம் அந்த உச்சியில் இல்லை. நகரத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று இதற்குக் காரணம் சொல்பவர்கள் உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான தாம்பரம் மாநகராட்சியையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொள்வோம். சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு ஷிஃப்டுக்குப் போகும் அம்மாக்கள், நாகல்கேணி தோல் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் அப்பாக்கள், தறி குறைந்துபோன அனகாபுத்தூர் நெசவாளர் குடும்பங்கள், மேடவாக்கம் பக்கம் கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்கள். இவர்களின் பிள்ளைகள்தான் இங்கே அரசுப் பள்ளியை நம்பியிருக்கிறார்கள். கொஞ்சம் வசதி வந்ததும் பிள்ளையை மெட்ரிக் பள்ளிக்கோ சி.பி.எஸ்.இ.க்கோ மாற்றுவது இந்தப் பகுதியின் வழக்கம். கொரோனா காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் பலர் திரும்பி வந்தார்கள். ஒரு பள்ளியின் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் ஊரின் வேலை நிலவரம் தெரிந்துவிடும்.

வட மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். சரியான விதி. ஆனால் வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசும் பன்னிரண்டு வயதுப் பையன், தமிழ் எழுத்தே அறியாமல் ஏழாம் வகுப்பில் உட்காருகிறான். மூன்று ஆண்டுகளில் பத்தாம் வகுப்பின் தமிழ்த் தாளை எழுத வேண்டும். அவன் 35 மதிப்பெண் எடுத்தால் அது எனக்குச் சென்டத்துக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை.

பெரும்பாக்கம் இன்னொரு விதம். கூவம், அடையாறு கரைகளில் இருந்தவர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் இங்கே வந்தன. 2019 டிசம்பரில் சத்தியவாணி முத்து நகரிலிருந்து வந்தன. இரண்டுமே கல்வியாண்டின் நடுவில். பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கையில் வீடு 25 கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் என்ன செய்வாள்? டி.சி. வாங்கினால் பழகிய ஆசிரியர் போய்விடுவார். வாங்காவிட்டால் விடியுமுன் பேருந்துக்கு ஓட வேண்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு, வீட்டோடு நின்றுவிடுவது. மறுகுடியமர்த்தலை ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் செய்வதற்கு அரசுக்குப் பணம் செலவாகாது. இவ்வளவு காலமாகியும் அது கண்டிப்பான விதியாக நடைமுறையில் இல்லாதது எனக்கு ஆறவே இல்லை.

நின்றுவிட்டவர்கள் சதவீதத்தில் வர மாட்டார்கள். தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை வைத்துத்தான் போடப்படுகிறது. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வு நாளன்று மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரவில்லை. கொரோனாவால் பத்தாம் வகுப்புத் தேர்வே இல்லாமல் மேலே வந்த அணி அது. மே மாதம் முடிவு வந்தபோது எழுதியவர் 8,03,385, தேர்ச்சி 7,55,451, விகிதம் 94.03 என்று அறிவித்தார்கள். கணக்கு சரிதான். வராதவர்கள் அதில் இல்லை, அவ்வளவுதான். பையன்கள் விஷயம் இன்னும் கவலை. 2025 பத்தாம் வகுப்பில் மாணவிகள் 95.88, மாணவர்கள் 91.74. பெயின்ட் வேலைக்கும் டெலிவரிக்கும் போய்ப் பள்ளியை விட்டவன் இந்த 91.74க்கும் வெளியே.

ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக் கல்வித் துறையின் தரவுத்தளத்தில் எமிஸ் எண் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதியவர் எத்தனை, வேறு பள்ளிக்குப் போனவர் எத்தனை, எங்கேயுமே இல்லாதவர் எத்தனை என்று பள்ளிவாரியாகத் துறை வெளியிட வேண்டும். அப்போதுதான் பெரும்பாக்கத்து ஆசிரியரையும் சிவகங்கை ஆசிரியரையும் நியாயமாகப் பார்க்க முடியும்.

இடம்பெயர்ந்த பிள்ளைக்கு இன்னொரு இழப்பும் இருக்கிறது. அது மதிப்பெண் வந்த பிறகுதான் தெரியவரும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டை 2020ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நகரத்துக்குள் அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாவது வரை படித்து, வீடு இடிக்கப்பட்டுப் பெரும்பாக்கம் அரசுப் பள்ளிக்கு வந்தவளுக்கு அது கிடையாது. கல்வி உரிமைச் சட்ட இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களை அதே 2020 சட்டம் சேர்த்துக்கொள்கிறது. கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தையும் 2024–25இல் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவிகளுக்கு அரசு விரித்தது. அரசே இடம் மாற்றிய பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பிரிவைச் சேர்க்கலாம். வாரியம் கொடுத்த வீட்டு ஒதுக்கீட்டு ஆணையையே சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

(தொடரும்)