கதிர் பட்ட தாடையும் அழுத்தப் பிராணவாயுவும்

மலேசிய இந்தியரிடையே வாய்ப்புற்றுநோய் பிற இனத்தாரினும் மிகுதி. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் இன்றும் விலைபோகும் வெற்றிலை பாக்கும், அதனுடன் சேரும் புகையிலையுமே இதற்குத் தலையாய காரணம் என்பர் மருத்துவர். சீனரிடையே மூக்குத்தொண்டைப் புற்று மிகுதி. முன்னதற்குப் பெரும்பாலும் அறுவைக்குப் பின்னரும், பின்னதற்கு முதன்மையாகவும் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

புற்றை அழிக்கும் கதிர், அருகிலுள்ள தாடை எலும்பின் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் தூர்த்துவிடுகிறது. கீழ்த்தாடையே இதனால் பெரிதும் துன்புறும். அது கெட்டியான எலும்பு, அதற்கு இரத்தம் வரும் வழிகளும் குறைவு. நோய் நீங்கி ஐந்தாறு ஆண்டு கழிந்தபின் ஒருவர் சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார். புண் ஆறுவதில்லை. ஈறு விலகி எலும்பு வெளியே தெரிகிறது. மூன்று திங்களாகியும் மூடாவிடில், புற்று மீளவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இதனைக் கதிரால் வந்த எலும்பழிவு என்பர். முற்றினால் தாடை தானே முறிவதும் உண்டு.

இரத்தக் குழாயும் உயிரணுவும் பிராணவாயுவும் குறைவதே இதன் மூலம் என 1983-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் விளக்கினார். அப்படியாயின் வாயுவை மிகுதியாகச் செலுத்தலாமன்றோ? மூடிய அறையில் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 2.4 மடங்கு அழுத்தத்தில், 90 நிமிடம் தூய பிராணவாயுவைச் சுவாசித்தால், அது இரத்த நீரிலேயே பெருமளவு கரைந்து, வறண்ட திசுவில் புதுக் குழாய்கள் தளிர்க்கத் தூண்டும் என்பது கருத்து. 1985-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பல் பிடுங்கப்பட்டோருள் பெனிசிலின் மட்டும் பெற்ற 37 பேரில் 11 பேருக்கும், அழுத்த வாயு பெற்ற 37 பேரில் இருவருக்குமே எலும்பழிவு நேர்ந்தது.

முறை உலகெங்கும் பரவியது. முக்குளிப்போருக்கென அமைந்த அறைகள் இதற்கும் பயன்பட்டன. மலேசியாவில் லூமுட் கடற்படைத் தளத்துப் படைமருத்துவமனையில் இத்தகைய அறை உண்டு. கிள்ளான்வாசி ஒருவர் முப்பது, நாற்பது அமர்வுகளுக்கு அங்குத் தங்குவதென்றால் ஆறேழு வாரம் வேலையையும் வீட்டையும் விட்டிருக்க வேண்டும். ஆகவே பலன் உறுதிதானா என்னும் கேள்வி ஏட்டுக் கேள்வியன்று.

விடை ஏமாற்றமே தந்தது. 2004-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில் 68 நோயாளர் சேர்ந்தனர். அழுத்த வாயு பெற்றோருள் நூற்றுக்கு 19 பேரும், பெறாதோருள் 32 பேரும் குணமாயினர். ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. தடுப்பு முறையாகவேனும் உதவுமோ என 144 பேரைக்கொண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியாயிற்று: வாயு பெற்றோருக்கு 6.4 விழுக்காடு, பெறாதோருக்கு 5.7. இவ்வளவில் வேறுபாடு இல்லை என்றே கொள்ளவேண்டும். காரணம் பொருத்தமாக இருந்ததனாலேயே மருந்து பலித்துவிடாது போலும்!

சில மருத்துவர் முற்றிய நோயில், அறுவைக்குத் துணையாக இதனை இன்னும் கையாளுகின்றனர். ஆனால் கதிர்வீச்சு தொடங்குமுன், குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே, கெட்ட பற்களை நீக்கிக்கொள்வது எளிது; அதற்கு அறையும் வேண்டாம், பயணமும் வேண்டாம். சிகிச்சை முடிந்தோர், எத்தனை ஆண்டு சென்றாலும், பல் மருத்துவரின் நாற்காலியில் அமர்ந்ததும் கதிர் பட்ட செய்தியை முதலில் கூறிவிட வேண்டும்.