செயல்வழிக் கற்றல்

செயல்வழிக் கற்றல் என்பது மாணவர்கள் பொருட்களைக் கையாண்டும் செய்து பார்த்தும் தத்தம் வேகத்தில் பாடக் கருத்துகளை அறிந்துகொள்ளும் கற்பித்தல் முறை ஆகும். தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இது பரவலாக நடைமுறைப்படுத்தப்பட்டது. தேனி, கம்பம் பள்ளத்தாக்கு போன்ற பகுதிகளில் எளிதில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே இம்முறையில் கணிதமும் அறிவியலும் கற்பிக்க இயலும்.

வரலாறு

ஆந்திரப் பிரதேசத்தின் ரிஷி வேலி பள்ளி உருவாக்கிய கற்றல் அட்டை முறையைத் தழுவி, 2003 ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறை தொடங்கப்பட்டது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இதற்கு முன்முயற்சி எடுத்தார். 2007-08 கல்வியாண்டில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக இது மாநிலம் முழுவதும் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு விரிவாக்கப்பட்டது. 2022 இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டமும் செயல்பாடுகளுக்கு முதன்மை அளிக்கிறது. அதில் மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றனர்.

வகுப்பறை அமைப்பு

பாடங்கள் சிறு படிகளாகப் பகுக்கப்பட்டு, ஏணி வடிவில் வரிசைப்படுத்தப்பட்டன. ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை உண்டு. சில நாட்கள் பள்ளிக்கு வராத குழந்தை, விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். பெற்றோர் இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் இவ்வசதி பொருட்படுத்தத்தக்கது.

கணிதச் செயல்பாடு

இடமதிப்பை விளக்கப் பத்துப் பத்து ஈர்க்குச்சிகளை வாழைநாரால் கட்டுகளாகக் கட்டலாம். 32 என்பது 3 கட்டுகளும் 2 உதிரிக் குச்சிகளும் ஆகும். இதிலிருந்து 15 ஐக் கழிக்க, 2 உதிரிகள் போதா. எனவே ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். உதிரிகள் 12 ஆகும். 5 குச்சிகளையும் ஒரு கட்டையும் எடுத்தால் மீதம் 17. கடன் வாங்கும் விதியை மனப்பாடம் மட்டும் செய்த குழந்தை, 5 இலிருந்து 2 ஐக் கழித்து 23 என எழுதிவிடக்கூடும். கட்டை அவிழ்த்த குழந்தைக்கு அவ்விதியின் காரணம் தெரியும்.

அறிவியல் செயல்பாடுகள்

* விதை முளைத்தல்: ஒரு மொச்சை விதையை உலர்ந்த பஞ்சிலும், மற்றொன்றை ஈரப் பஞ்சிலும், மூன்றாவதை நீரில் மூழ்கவும் வைக்க வேண்டும். ஈரப் பஞ்சிலுள்ள விதை முளைக்கும். மூழ்கிய விதை பொதுவாகக் காற்றின்றி அழுகும். முளைப்பதற்கு நீர், காற்று இரண்டும் தேவை என்பது இதனால் புலப்படும்.
* நிழல் அளத்தல்: தேனி ஏறத்தாழ 10 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கு 1 மீட்டர் கோலின் நண்பகல் நிழல் டிசம்பர் 21 அளவில் வடக்கே சுமார் 66 செ.மீ. நீளும், ஜூன் 21 அளவில் தெற்கே சுமார் 24 செ.மீ. மட்டுமே நீளும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும், பகல் 12.20 மணியளவில், கோலின் நிழல் அதன் அடியிலேயே மறையும். கதிரவன் நாள்தோறும் ஒரே பாதையில் செல்வதில்லை என்பதை மாணவர்கள் அளந்தே அறியலாம்.

விமர்சனங்கள்

அட்டைகளை முடிப்பதே குறிக்கோளாகிவிடும்போது செயல்வழிக் கற்றலும் மனப்பாடமாக மாறிவிடுகிறது என்பது முதன்மையான விமர்சனம் ஆகும். பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் கவனிக்கும் பள்ளிகளில் இச்சிக்கல் கூடுதலாகும். பொருளைக் கையில் கொடுப்பது மட்டும் போதாது. என்ன நிகழும் என முன்கூட்டியே ஊகிக்கச் செய்து, நிகழ்ந்தபின் ஏன் என வினவ ஆசிரியருக்கு நேரம் வேண்டும்.