தேவையில்லாத சோதனையை நீக்கலாமா? மென்பொருள் உலகிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

தகவல் தொழில்நுட்பம் பற்றிய தலைப்பு வந்தால், நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று எழுதிக் கட்டுரையை முடித்துவிடுகிறோம். இந்த முறை ஒரே ஒரு சிக்கலை எடுத்து, முடிவு வரைக்கும் போய்ப் பார்ப்போமா?

சி மொழியில் எழுதிய மென்பொருளைப் பல வகைக் கணினிகளில் கட்டமைக்க, அந்தந்தக் கணினியில் என்ன வசதி இருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். 1991இல் தோன்றிய ஆட்டோகான்ஃப் என்ற கருவி இதற்குத்தான் உதவுகிறது. கட்டமைப்புக் குறிப்பில் நாம் எழுதும் ஒவ்வொரு சோதனையும் கணினியிடம் ஒரு கேள்வி கேட்கும். "ஸ்ட்ரிங்.எச் கோப்பு இருக்கா?" என்பது அப்படி ஒரு கேள்வி.

அன்று அதற்குப் பொருள் இருந்தது. சி மொழிக்கு அமெரிக்கத் தரம் வந்ததே 1989இல்தான். பழைய யூனிக்ஸ் கணினிகள் சிலவற்றில் அதற்குப் பதிலாக ஸ்ட்ரிங்ஸ்.எச் என்ற வேறு கோப்பே இருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் கணினிகளில் பதில் எப்போதுமே "இருக்கு"தான். பதில் மாறாத கேள்வியை ஏன் கேட்க வேண்டும்? நேரம் வீணாகிறது. குறிப்பைப் படிப்பவருக்கும் குழப்பம். ஆட்டோகான்ஃப் கையேடே சில பழைய சோதனைகள் புதிய நிரல்களுக்குத் தேவையில்லை என்கிறது.

சரி, உடனே அழித்துவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். இரண்டு ஆபத்து உண்டு.

ஒன்று, அந்தப் பதிலை நிரலின் வேறு பகுதி நம்பியிருக்கலாம். "ஸ்ட்ரிங்.எச் இருந்தால் அதை எடு, இல்லையேல் ஸ்ட்ரிங்ஸ்.எச் எடு" என்று அங்கே எழுதியிருக்கும். சோதனையை மட்டும் நீக்கினால் "இருக்கு" என்று சொல்ல ஆளில்லை. புதிய கணினியிலும் நிரல் பழைய வழியில் போய்விடும்.

இரண்டு, சில சோதனைகள் கேள்வி கேட்பதோடு வேலையும் செய்யும். கணித நூலகம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, இருந்தால் அதை இணைப்புப் பட்டியலிலும் சேர்த்துவிடும். அதை எடுத்துவிட்டால் கட்டமைப்பே நின்றுபோகலாம்.

ஆகவே மூன்று கேள்விகள்: இந்தப் பதிலை யார் பயன்படுத்துகிறார்? சோதனை வேறு வேலை ஏதும் செய்கிறதா? நாம் ஆதரிக்கும் மிகப் பழைய கணினி எது? மூன்றுக்கும் விடை தெரிந்தால் சோதனையையும் அதை நம்பிய வரிகளையும் சேர்த்தே நீக்குங்கள். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து கட்டமைத்துப் பாருங்கள். நீக்கிய காரணத்தையும் எழுதி வையுங்கள். அடுத்து வருபவருக்கு உதவும்.

மாணவர்களே, இங்கே முடிவு "நீக்கலாம்" என்பதோடு நிற்கவில்லை. "இந்த நிபந்தனையில் நீக்கலாம்" என்று வந்திருக்கிறது. கருத்து விளக்கக் கட்டுரையில் நீங்களும் இப்படி எழுதிப் பழகுங்கள். பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடாமல், அது ஏன் வந்தது, இப்போது யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்டு எழுதினால் உங்கள் வாதம் வலுப்பெறும்.