ஆறு புள்ளிகளும் விசைப்பலகையின் எல்லையும்: தமிழ் பிரெய்ல் உள்ளீட்டை முன்வைத்து

முன்னுரை

தமிழ்க் கணிமை ஆய்வுகள் குறியேற்றம், எழுத்துரு, விசை அமைப்பு ஆகியவற்றைப் பொருளாகக் கொள்ளும் அளவிற்கு விசைப்பலகையின் வன்பொருளைக் கருதுவதில்லை. தமிழ் 99 முறையில் விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவதே போதுமானது. ஆகவே வன்பொருளின் எல்லை பொதுப் பயனருக்குப் புலப்படுவதில்லை. பிரெய்ல் முறையில் எழுதும் பார்வையற்ற மாணவருக்கோ அவ்வெல்லை எழுத்தையே மாற்றிவிடக் கூடியதாகும். அதன் காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆறு விசை முறை

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் உருப்பெற்றது. தமிழ் பிரெய்லும் அதன்வழி ஆறு புள்ளிகளால் அமைவது. கணினியில் எஃப், டி, எஸ் ஆகிய விசைகள் 1, 2, 3 ஆம் புள்ளிகளுக்கும், ஜே, கே, எல் ஆகியவை 4, 5, 6 ஆம் புள்ளிகளுக்கும் உரியன. ஓர் எழுத்திற்குரிய விசைகள் அனைத்தையும் ஒருங்கே அழுத்தி விடுவித்தல் வேண்டும். அகரத்திற்கு ஒரு விசை போதும். ட, ய, ழ, ற ஆகியவற்றிற்கு ஐந்து விசைகள் தேவை.

அணியமைப்பும் போலி விசையும்

விசைப்பலகையில் ஒவ்வொரு விசைக்கும் தனிக்கம்பி இருப்பதில்லை. விசைகள் நிரை, நிரல் கொண்ட அணியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். கட்டுப்பாட்டுச் சில்லு அவற்றை வரிசையாகச் சோதித்து அழுத்தப்பட்ட விசையை அறிகிறது. ஒரு செவ்வகத்தின் மூன்று முனைகளில் உள்ள விசைகளை ஒருசேர அழுத்தினால், மின்னோட்டம் சுற்றுவழியாகச் சென்று நான்காம் முனையும் அழுத்தப்பட்டதாகக் காட்டும். இதுவே போலி விசை. இதைத் தவிர்க்கப் பல விசைப்பலகைகள் ஐயத்திற்குரிய மூன்றாம் விசையையே புறக்கணித்துவிடுகின்றன. விசைதோறும் டையோடு பொருத்தினால் இரு குறைகளும் நீங்கும்; விலை உயரும்.

யுஎஸ்பி விசைப்பலகையின் அடிப்படை நெறிமுறை, ஷிஃப்ட் போன்ற துணைவிசைகள் நீங்கலாக, ஒரே நேரத்தில் ஆறு விசைகளை மட்டுமே அறிவிக்கும். ஆறு புள்ளி பிரெய்லுக்கு அது சரியாகப் போதுமானது. எட்டுப் புள்ளி பிரெய்லுக்குப் போதாது. எனவே தமிழைப் பொறுத்தவரை இடையூறு நெறிமுறையில் இல்லை, அணியமைப்பில்தான் உள்ளது.

எழுத்து மயக்கம்

ழகரத்தின் புள்ளிகள் 1, 2, 3, 5, 6. ஆறாம் புள்ளி விடுபட்டால் எஞ்சுவது ரகரம். 'மழை' 'மரை' ஆகிறது. அவ்வாறே வகரம் லகரமாகவும், டகரம் தகரமாகவும், யகரம் நகரமாகவும் மாறும். மாறியதும் முறையான எழுத்தே ஆதலின் மென்பொருள் அதைப் பிழையென உணர்த்தாது. ல, ழ, ள மயக்கத்தைத் திருத்தும் ஆசிரியர், கருவியின் பிழையை மாணவரின் பிழையாகக் கருத நேரும்.

முடிவுரை

இதற்கான சோதனை எளிது. உரைத்திருத்தியைத் திறந்து மேற்கண்ட ஆறு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ஆறு எழுத்துகளும் தோன்ற வேண்டும். ஐந்தைந்தாகவும் அழுத்திப் பார்த்தல் நலம். புதுக்கோட்டை மன்னர் கல்லூரி முதலாக மாவட்டத்தின் கல்லூரிகளும் பள்ளிகளும் கணினி ஆய்வகத்திற்குக் கருவி வாங்கும்போது இச்சோதனையை மேற்கொள்ளலாம். பார்வையற்ற மாணவரின் எழுத்துப்பிழையை மதிப்பிடுமுன் அவர் எழுதிய விசைப்பலகையைச் சோதித்தல் முறையாகும்.