புதிய காரும் கூடுதல் வசதிகளும்

புதிய கார் வாங்கச் செல்லும் குடும்பம், எந்தக் கார் வேண்டும் என்பதை ஏறத்தாழ முடிவு செய்துகொண்டே விற்பனையகத்திற்குள் நுழைகிறது. அந்தக் காரில் எந்தெந்த வசதிகள் வேண்டும் என்ற கேள்விக்குத்தான் பெரும்பாலும் விடை இருப்பதில்லை. விளம்பரத்தில் கண்ட விலை ஒன்றாகவும் இறுதியில் செலுத்தும் தொகை வேறொன்றாகவும் அமைவதற்கு, வரிகளோடு இக்கேள்வியும் ஒரு காரணம்.

நாகபுரியில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்க. பெற்றோர், பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன், பாட்டி என ஐவர். இதுவரை தொடர்வண்டியில் சொந்த ஊர் சென்றுவந்த அவர்கள், இனி மே மாத விடுமுறையில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே ஐதராபாத், பெங்களூரு, கிருஷ்ணகிரி ஆகிய ஊர்களைக் கடந்து சேலத்திற்குக் காரிலேயே செல்ல விரும்புகின்றனர். மகன் சன்ரூஃப் எனப்படும் திறக்கும் கண்ணாடிக் கூரையைக் கேட்கிறான். மகளுக்குப் பெரிய தொடுதிரை வேண்டும். பாட்டி பின்னிருக்கைக்கும் குளிர்காற்று வருமா என்று மட்டும் கேட்கிறார். எல்லாவற்றையும் வாங்கப் பணம் போதாது.

கூடுதல் வசதிகள் இந்தியாவில் மூன்று வாயில்கள் வழியே வருகின்றன. முதலாவது, தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருபவை. இரண்டாவது, விற்பனையகத்தில் பொருத்தப்படும் துணைப்பொருள்கள். மூன்றாவது, காப்பீடு, நீட்டித்த உத்தரவாதம் போன்று தாளில் மட்டும் இருப்பவை. இவற்றுள் முதல் வாயிலே சிக்கலானது. சில நாடுகளில் வாங்குபவர் தமக்கு வேண்டிய வசதியைத் தனித்தனியே தேர்ந்தெடுக்க இயலும். இங்கோ பெரும்பாலான நிறுவனங்கள் வசதிகளை மூட்டையாகக் கட்டி, வேரியன்ட் எனப்படும் படிநிலைகளாக விற்கின்றன. பின்கண்ணாடித் துடைப்பான் மட்டும் வேண்டுமென்றாலும், அது இருக்கும் படிநிலையில் உள்ள அலங்கார விளக்குகளையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

சட்டம் கட்டாயமாக்கிய சிலவற்றை விற்பனையாளர் சிறப்பு வசதிகள் போலச் சொல்வதுண்டு. சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். தடுப்பு முறை 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இருந்தாக வேண்டும். ஓட்டுநருக்கான காற்றுப்பை, முன்னிருக்கைகளுக்கான பட்டை நினைவூட்டி, வேக எச்சரிக்கை ஒலி, பின்புற நிறுத்த உணரி ஆகியவை 2019 ஜூலை முதல் கட்டாயமாயின. சுங்கச் சாவடிக்கான ஃபாஸ்டேக் அட்டையும் புதிய காருடன் வரவேண்டிய ஒன்றே. இவற்றைச் சொல்லி ஒரு படிநிலையை உயர்த்திப் பேசினால் அப்பேச்சைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை.

கணக்கில் கொள்ள வேண்டியவை, மோதலின்போது உள்ளிருப்பவரைக் காப்பவை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பதிவு செய்துள்ளது. அவர்களுள் 16,715 பேர் இருக்கைப் பட்டை அணியாதவர்கள். அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓட்டுநர்கள் அல்லர், பயணிகள். பின்னிருக்கை பாதுகாப்பானது, அங்கே பட்டை வேண்டாம் என்ற எண்ணம் நம் நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில் விபத்தில் இறந்தபோது, அவர் பின்னிருக்கையில் பட்டை அணியாமல் இருந்தார் என்று காவல்துறை தெரிவித்தது. விலையுயர்ந்த கார் அவரைக் காக்கவில்லை.

ஓடும் காரில் அமர்ந்திருப்பவரும் காரின் வேகத்திலேயே சென்றுகொண்டிருக்கிறார். கார் எதன்மீதோ மோதி நின்றாலும் அவர் உடல் நிற்பதில்லை, முன்னோக்கிப் பாய்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது பட்டை. தோளிலும் இடுப்பிலும் படியும் மும்முனைப் பட்டை, வலிமையான எலும்புகளின்மீது அந்த விசையைப் பரப்புகிறது. இதை வடிவமைத்தவர் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நீல்ஸ் போலின்; ஆண்டு 1959. அந்நிறுவனம் அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ளத் திறந்துவிட்டது. காற்றுப்பை பட்டைக்குத் துணை மட்டுமே. மோதலை உணரிகள் அறிந்ததும் கண் இமைக்கும் நேரத்தைவிட விரைவாக அது விரிகிறது. பட்டை அணியாமல் முன்னே சரிந்துவரும் உடலை அதே வேகத்தால் அது காயப்படுத்தவும் கூடும்.

ஆகவே ஐவர் செல்லும் காரில் முதலில் பார்க்க வேண்டியது பின்னிருக்கையின் நடுவிடம். பல கார்களில் நடுவில் அமர்பவருக்கு இடுப்புப் பட்டை மட்டுமே இருந்துவந்தது. மோதலின்போது அது வயிற்றை அழுத்தும். மேலுடல் முன்னே மடியும். நடுவிலும் மும்முனைப் பட்டை, தலைதாங்கி ஆகியவை உள்ளனவா என்பதை விளம்பரத் தாளில் தேடுவதைவிட, அவ்விடத்தில் அமர்ந்து பட்டையை இழுத்துப் பார்ப்பதே எளிது. விற்பனையாளர் தாமாக முன்வந்து இதைக் காட்டுவது அரிது.

அடுத்தது காற்றுப்பைகளின் எண்ணிக்கை. முன்புறத்து இரண்டும் நேருக்கு நேர் மோதலில் உதவும். பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து இடித்தால், இருக்கைப் பக்கத்திலிருந்தும் கூரையோரத்திலிருந்தும் விரியும் மற்ற நான்கே உதவும். கூரையோரத்துத் திரைப்பைகள் பின்னிருக்கையில் இருப்போரின் தலையையும் காப்பவை. ஆறு பைகளையும் கட்டாயமாக்க நடுவண் அரசு 2022இல் வரைவு வெளியிட்டது. 2023இல் அவ்வெண்ணத்தைக் கைவிட்டது. எனினும் சில நிறுவனங்கள் இன்று கீழ்ப்படிநிலையிலேயே ஆறு பைகளைத் தருகின்றன. வளைவில் கார் வழுக்கும்போது ஒரு சக்கரத்தை மட்டும் தானே பிடித்து நேர்ப்படுத்தும் இ.எஸ்.சி. எனும் நிலைப்புக் கட்டுப்பாடும் இவ்வகையில் சேரும். காற்றுப்பையையும் இ.எஸ்.சி.யையும் பின்னாளில் கடையில் வாங்கிப் பொருத்த இயலாது. வாங்கும் நாளில் இல்லையென்றால், அந்தக் காரின் ஆயுள் முழுவதும் இல்லை.

ஒரு கார் மோதலை எவ்வளவு தாங்கும் என்பதை அறிய 2023 அக்டோபர் முதல் நம் நாட்டிலேயே பாரத் என்கேப் என்ற சோதனைத் திட்டம் நடைமுறையில் உள்ளது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தடுப்பின்மீது மோதச் செய்து, உள்ளே அமர்த்திய பொம்மைகளின் பாதிப்பை அளக்கின்றனர். பெரியவர்க்கெனவும் குழந்தைகளுக்கெனவும் தனித்தனியே விண்மீன்கள் வழங்கப்படுகின்றன. மிகுதியானது ஐந்து. குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டாம் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி, மகன் கேட்ட சன்ரூஃப். மாலைக் காற்றும் இரவு வானமும் காருக்குள் வருவது இனிய அனுபவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாகபுரியின் மே மாத வெயில் 45 பாகை செல்சியசைத் தொடும் ஊரில், பகலில் அது பெரும்பாலும் மூடியே கிடக்கும். கூரைக் கண்ணாடியும் அதை நகர்த்தும் மோட்டாரும் எடையைக் கூட்டுகின்றன. தலைக்கு மேலுள்ள இடத்தைச் சற்றுக் குறைக்கின்றன. கூரையோரத்தில் மழைநீர் வடியச் சிறு குழாய்கள் உண்டு. தூசியும் இலைச் சருகும் அவற்றை அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அத்திறப்பின் வழியே தலையை வெளியே நீட்டி நிற்கும் பிள்ளை பட்டை அணிந்திருக்க முடியாது. திடீரெனத் தடுப்பை அழுத்தினால் அப்பிள்ளையைப் பிடித்து நிறுத்த அங்கே எதுவும் இல்லை.

சன்ரூஃப் உள்ள படிநிலையின் விலை கூடுதலாக ஓர் இலட்சம் ரூபாய் எனக் கொள்க. உண்மையில் அது ஓர் இலட்சத்தோடு நிற்பதில்லை. மாநில அரசின் சாலை வரி காரின் விலையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்படுகிறது. விகிதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பத்து விழுக்காடு என்று வைத்தால் 1,10,000 ரூபாய். இத்தொகையை ஒன்பது விழுக்காட்டு வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 2,283 ரூபாய். அறுபது மாதங்களில் செலுத்துவது ஏறத்தாழ 1,37,000 ரூபாய். காப்பீட்டுக் கட்டணமும் சிறிது கூடும். காப்பீட்டு நிறுவனங்கள் காரின் மதிப்பை முதலாண்டு முடிந்ததும் இருபது விழுக்காடும், நான்காண்டு கடந்ததும் பாதியும் கழித்தே கணக்கிட்டு வந்துள்ளன. கூரைக் கண்ணாடியும் அதனோடு சேர்ந்து தேய்ந்துவிடுகிறது.

பெரிய தொடுதிரையின் நிலை இன்னும் மோசம். கார் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடலாம். திரையின் மென்பொருள் அதற்கு முன்பே பழையதாகிவிடும். வழி காட்டவும் பாட்டுக் கேட்கவும் கைப்பேசியே போதும்.

சில வசதிகளின் பயன் வாழும் ஊரைப் பொறுத்தது. பனிமூட்டம் நிறைந்த தில்லியிலும் பஞ்சாபிலும் பின்கண்ணாடியின் ஈரப்படலத்தை நீக்கும் சூடேற்றி அழகுப்பொருள் அன்று. மும்பை மழையில் பின்கண்ணாடித் துடைப்பானும் அவ்வாறே. வெப்பம் மிகுந்த நடு இந்தியாவில் பின்னிருக்கைக்குக் குளிர்காற்று தரும் துளைகள் முதியவருக்கு உண்மையான தேவை. பாட்டி கேட்டது சிறிய வசதி எனினும், அவ்வீட்டார் கேட்டவற்றுள் முதலில் ஏற்கத்தக்கது அதுவே.

இரண்டாம் வாயிலில் நிற்கும் துணைப்பொருள்களில் சில பயனற்றவை, சில தீங்கானவை. முன்புறத்தில் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பிகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் நடுவண் அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. அவை சாலையில் நடப்பவரைக் கடுமையாகத் தாக்குவதோடு, மோதல் விசையைக் காரின் உடற்கூட்டுக்கு நேரே கடத்துகின்றன. கண்ணாடிகளில் கரும்படலம் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. தடித்த இருக்கை உறைகள் தீங்கற்றவை போலத் தோன்றும். ஆனால் இருக்கையின் பக்கத்தில் காற்றுப்பை உள்ள காரில், அதற்கெனத் தையல் விடாத உறை அப்பையை விரியவிடாமல் தடுக்கக்கூடும். பணம் கொடுத்து வாங்கிய காற்றுப்பையைப் பணம் கொடுத்தே கட்டிப்போடுவது அது. கம்பியை வெட்டி இணைக்கும் கூடுதல் விளக்குகளும் ஒலிப்பான்களும் மின்பகுதிக்கான உத்தரவாதத்தை இழக்கச் செய்யலாம், தீப்பற்றவும் வழிவகுக்கலாம்.

மிதியடி, சேற்றுத் தடுப்பு போன்றவற்றை வெளிக்கடையிலும் பின்னர் வாங்கிக்கொள்ளலாம். ஆயினும் விற்பனையகத்தில் நீண்ட வாதம் நடப்பது அவற்றைப் பற்றியே. யானையை விற்றுவிட்டு அங்குசத்துக்கு வழக்காடிய கதைபோல, பத்து இலட்ச ரூபாய்த் தாளில் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் இலவச மிதியடிக்காக ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

அந்தத் தாளில்தான் மூன்றாம் வாயில் இருக்கிறது. புதிய காருக்கு மூன்றாண்டுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். ஆனால் அதை விற்பனையகம் சொல்லும் நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியில் விலை கேட்டு ஒப்பிடலாம். வெள்ளம் தேங்கும் நகரங்களில், நீர் புகுந்து பழுதாகும் எஞ்சினுக்கான கூடுதல் காப்பீடு சிந்திக்கத்தக்கது. சாதாரணக் காப்பீடு அத்தகைய இழப்பைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

எடுத்துக்காட்டுக் குடும்பத்திற்கு ஓர் இக்கட்டு எஞ்சியுள்ளது. அவர்கள் விரும்பிய காரில் ஆறு காற்றுப்பைகளும் நடுவிடத்து மும்முனைப் பட்டையும் சன்ரூஃப் உள்ள மேல்படிநிலையில் மட்டுமே கிடைக்கின்றன எனில் என்ன செய்வது? சன்ரூஃபுக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பது ஒரு வழி. அதைவிடச் சிறந்த வழி, கையிலுள்ள பணத்திற்கு அவ்விரண்டையும் கீழ்ப்படிநிலையிலேயே தரும் வேறொரு காரை, சற்றுச் சிறியதாயினும், தேர்வது. பெட்டிகள் வைக்கும் இடம் குறையும். ஒரு பெட்டியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அவ்வாறு மிச்சமாகும் பணத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு இன்னொரு பொருள் வாங்க வேண்டியிருக்கும். அது சிறுவனுக்கான உயர்த்தி இருக்கை. பெரியவர்க்கென அமைந்த பட்டை ஏழு வயதுப் பிள்ளையின் தோளில் படியாமல் கழுத்தில் படியும். உயர்த்தியில் அமர்ந்தால் சரியான இடத்தில் படியும். பதினான்கு வயதுக்குட்பட்டோர் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றிச் சென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆ பிரிவு வண்டி ஓட்டுபவருக்கு ஆயிரம் ரூபாய் தண்டம் விதிக்கிறது. உயர்த்தியில் அமர்ந்த பிள்ளைக்குப் பக்கக் கண்ணாடி வழியே வெளியுலகமும் நன்றாகத் தெரியும். சன்ரூஃப் கேட்ட சிறுவன் ஆதிலாபாத்தின் தேக்கங்காடுகளையும் கிருஷ்ணகிரியின் பாறைக் குன்றுகளையும் அங்கிருந்தே பார்த்துக்கொண்டு வரலாம்.