பூங்காவில் ஒரு நீர்க்கோபுரம்

குழாயைத் திறந்ததும் நீர் பாய்கிறதே, எதனால்? உயரத்தினால்தான். நீர்மட்டம் 10 மீட்டர் உயர்ந்தால், கீழே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோகிராம் எடையளவு அழுத்தம் கூடும் என்று நாம் படித்திருக்கிறோம். ஆகவே நீர்த்தொட்டிக்கு மேடான இடமே ஏற்றது.

ஆனால் அம்மேடு மக்கள் உலாவும் பூங்காவாக இருந்தால்? அமெரிக்காவின் சியாட்டில் நகரைப் பார்ப்போம். அங்கே வாலண்டியர் பூங்காவைத் திட்டமிட்ட ஓம்ஸ்டெட் சகோதரர்கள், அதன் உச்சியில் நகரைக் கண்டுகளிக்க ஒரு கோபுரம் வேண்டுமென்றனர். குடிநீர்த் துறைக்கோ உயரத்தில் தொட்டி வேண்டும். 1906-இல் இரண்டும் ஒன்றாயின. 75 அடி உயரக் கோபுரம்; உள்ளே எஃகுத் தொட்டி, வெளியே செங்கற்சுவர், இடையே படிக்கட்டு, மேலே பார்வை மாடம்!

இடம் தேர்வோர் நீரழுத்தத்தை மட்டுமல்ல, அங்கு விளையாட வரும் குழந்தையையும் நினைக்க வேண்டும். ஒன்றைப் பெற மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை என்பதே நாம் கற்கும் பாடம்.