பயம் இருக்கும், பல்ஸ் ஏறாது

"காலையில என்ன மாத்திரை போட்டீங்க?" டிரெட்மில் டெஸ்ட்டுக்கு வருகிறவர்களிடம் என் முதல் கேள்வி இதுதான். மதுரையில் ஓர் இதய மருத்துவரின் கிளினிக்கில் எனக்கு இந்த எந்திரத்தோடுதான் உத்தியோகம். நெஞ்சைச் சுற்றிப் பத்து இடங்களில் எலெக்ட்ரோடு ஒட்டி, ஓடும் பெல்ட்டில் நடக்கவிடுவோம். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220-இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 சதவீதத்தைப் பல்ஸ் தொட வேண்டும் என்பது கணக்கு. அறுபது வயதுக்காரருக்கு 136.

சிலர் வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்க, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். திரையில் பல்ஸ் 104-ஐத் தாண்டாது. மருந்துச் சீட்டைப் பார்த்தால் மெட்டோப்ரோலால் இருக்கும். இல்லையென்றால் அட்டெனோலால், பைசோப்ரோலால். எல்லாம் பீட்டா பிளாக்கர் குடும்பம். பிரஷருக்கும் மாரடைப்புக்குப் பிறகும் படபடப்புக்கும் லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிற இந்த மாத்திரை திடீர் அதிர்ச்சி நேரத்தில் இதயத்தை என்ன செய்கிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. "பிரஷர் மாத்திரைம்மா" என்பதோடு சரி.

முதலில் மாத்திரை இல்லாத இதயத்தைப் பார்ப்போம். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடிக்கிறது. நெஞ்சு திக்கென்கிறது. அந்த ஒரு திக்கில் மூன்று வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. எந்த நரம்பின் தலையீடும் இல்லாமல் விட்டால் இதயம் நிமிடத்துக்கு நூறு தடவை அளவில் துடிக்கும். வேகஸ் என்ற நரம்பு அதை எழுபதில் அடக்கி வைத்திருக்கிறது. பயந்தவுடன் முதலில் அந்தப் பிடி தளர்கிறது. ஒன்றிரண்டு துடிப்புக்குள் வேகம் கூடிவிடும். சில நொடிகள் கழித்துப் பரிவு நரம்புகள் இதயத்தின் மேலேயே நார்அட்ரினலினைக் கொட்டுகின்றன. கடைசியாக, சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் விடுகின்றன. "ராங் நம்பர்" என்று போனை வைத்த பிறகும் சில நிமிடம் நெஞ்சு அடித்துக்கொண்டே இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

இந்த இரண்டு ரசாயனங்களும் இதயத்திடம் வேலை வாங்க வேண்டுமானால், இதயச் செல்களின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளில் போய் உட்கார வேண்டும். மாத்திரை அந்த இடங்களை முன்கூட்டியே பிடித்து வைக்கிறது, டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிப்பதைப் போல. அட்ரினலின் வந்து பார்த்தால் இடம் இருக்காது. கூட்டம் மிகவும் நெருக்கினால் சில துண்டுகள் நகரத்தான் செய்யும். அதனால்தான் பல்ஸ் கொஞ்சமாவது ஏறுகிறது. வேகஸின் பிடி தளர்வதை மாத்திரை தடுக்காது. எனவே போன் அடித்தால் மாத்திரை சாப்பிட்டவருக்கும் திக்கென்னும், பல்ஸ் ஒரு படி ஏறும். அதற்கு மேல் ஏறுகிற செங்குத்தான பகுதிதான் தட்டையாகிவிடுகிறது. துடிப்பின் வேகத்தோடு அதன் முரட்டுத்தனமும் குறைகிறது.

இதனால் யாருக்கு லாபம்? இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு. இதயத்தின் இடது கீழறைத் தசை தனக்கு வேண்டிய ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவே, தளர்ந்திருக்கும்போதுதான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு 60-இலிருந்து 120 ஆனால் சுருங்கும் நேரம் சிறிதளவே குறைகிறது; தளரும் நேரம் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. அதாவது, ரத்தம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள அவகாசம் குறைகிறது. அடைப்பு உள்ளவருக்கு அங்கேதான் வலி பிடிக்கிறது.

லண்டனின் பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் இதை அனுபவித்தே அறிந்தவர். கோபம் வந்தால் அவருக்கு நெஞ்சுவலி வரும். தன்னைச் சீண்ட நினைக்கும் எந்தப் போக்கிரியின் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்ற பொருளில் அவர் சொல்லி வந்ததாகக் குறிப்பிடுவார்கள். 1793 அக்டோபர் 16 அன்று செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையின் கூட்டத்தில் வாக்குவாதம் முற்றியது. வெளியேறிய ஹன்டர் பக்கத்து அறையில் சரிந்து இறந்தார்.

மருந்து வர அதற்குப் பிறகு ஏறக்குறைய 170 ஆண்டுகள் ஆயின. 1948-இல் அமெரிக்காவின் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலின் உட்காரும் இடங்கள் ஆல்ஃபா, பீட்டா என இரு வகை என்று எழுதினார். அப்போது அதைப் பொருட்படுத்தியவர்கள் குறைவு. அதைப் பிடித்துக்கொண்டவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் பிளாக். அவருடைய தந்தை ஒரு கார் விபத்தின் அதிர்ச்சியை அடுத்து மாரடைப்பில் இறந்தவர். அடைபட்ட குழாயில் ரத்தத்தை எப்படிக் கூட்டுவது என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று பிளாக் யோசித்தார். எனக்கு மருத்துவ வரலாற்றில் மிகவும் பிடித்த யோசனை இது. ஐ.சி.ஐ. நிறுவனத்தில் அவர் குழு உருவாக்கிய முதல் மருந்து எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்த ப்ரோப்ரனோலால் 1960-களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. 1988-இல் பிளாக்குக்கு நோபல் பரிசும் வந்தது.

பயத்தை அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஆய்வாளர் பீட்டர் டாகர்ட்டும் அவருடைய சகாக்களும் கார் பந்தய ஓட்டுநர்களுக்கு இ.சி.ஜி. கருவி மாட்டினார்கள். 1973-இல் வெளியிட்ட ஆய்வில், கூட்டத்தின் முன் மேடையேறிப் பேசுகிறவர்களுக்கும் மாட்டினார்கள். பேசத் தொடங்கியதும் பல்ஸ் தாறுமாறாக ஏறியது. முன்கூட்டியே ஆக்ஸ்ப்ரெனலால் என்ற பீட்டா பிளாக்கர் கொடுத்தபோது அந்த ஏற்றம் அடங்கியது. கை நடுக்கத்தையும் இது குறைக்கும் என்பதால் இசைக் கலைஞர்களும் இதைத் தேடிப்போனார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங்-சு உடலில் ப்ரோப்ரனோலால் இருந்தது தெரிந்து, வாங்கிய இரண்டு பதக்கங்களும் பறிபோயின. இன்டர்வியூவுக்கு முன்னால் நண்பன் கொடுத்தான் என்று இதை விழுங்குகிற பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். வீசிங் இருக்கும் பிள்ளைக்கு இது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். விளையாட்டுக் காரியமில்லை.

மாத்திரை சாப்பிடுகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சொன்னார்: "ஏம்மா, இப்பல்லாம் கோவம் வந்தா வந்த மாதிரியே தெரியல. வாய் கத்துது, நெஞ்சு பாட்டுக்குச் சும்மா இருக்கு." மருந்தின் வேலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோபமும் பயமும் அப்படியே இருக்கலாம். அளவுகோலாகிய பல்ஸ்தான் முடக்கப்பட்டிருக்கிறது.

சிக்கலும் அங்கேதான். ஒரு சர்க்கரை நோயாளி அம்மா, "வேர்த்து ஊத்துச்சு, ஆனா படபடப்பு இல்ல, அதான் லோ சுகர்னு தோணல" என்றார். இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் முதலில் மணியடிப்பது படபடப்பும் நடுக்கமும். பீட்டா பிளாக்கர் இரண்டையும் மறைக்கலாம். வியர்வைச் சுரப்பிகளுக்கு உத்தரவு வேறு ரசாயனம் வழியாகப் போவதால் வியர்வை மட்டும் மறைவதில்லை. காரணமில்லாமல் வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். விபத்தில் ரத்தம் போகும்போதும் இதே ஏமாற்றுதான்: ஓட வேண்டிய பல்ஸ் நிதானமாக இருக்கும். 108 ஆம்புலன்ஸில் வருகிறவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். பல் டாக்டரிடமும் சொல்லுங்கள். மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் கலந்திருப்பதுண்டு, ப்ரோப்ரனோலால் சாப்பிடுகிறவருக்கு அது பிரஷரை ஏற்றிவிடலாம்.

இன்னொன்று, ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துபோய், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. ஏற்பிகளாகிய சீட்களை நெடுநாள் மறித்து வைத்தால் உடம்பு கூடுதலாக சீட் போடும். திடீரென்று துண்டுகளை எடுத்தால், பழைய சீட், புதிய சீட் எல்லாவற்றிலும் அட்ரினலின் ஏறி உட்காரும். சின்ன அதிர்ச்சிக்கே பல்ஸ் பறக்கும். அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். டிரெட்மில் டெஸ்ட்டுக்காக ஒன்றிரண்டு நாள் நிறுத்தச் சொல்வதும் மருத்துவர் ஆளைப் பார்த்து எடுக்கிற முடிவு. அடைப்பு இருப்பது ஏற்கெனவே தெரிந்து, மருந்து போதுமா என்று பார்ப்பதற்காக வருகிறவரை மாத்திரையோடுதான் நடக்கவைப்போம்.

இப்போது புதிதாக ஒரு விவாதம் நடக்கிறது. 2024-இல் ஸ்வீடனை மையமாகக் கொண்டு வெளிவந்த பெரிய ஆய்வில், மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் பம்ப் திறன் நன்றாக இருப்பவர்களுக்கு இந்த மாத்திரையால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அடுத்த ஆண்டு வந்த ஆய்வுகள் ஒரே பதிலைத் தரவில்லை. பம்ப் பலவீனமானவர்களுக்கு இதன் அவசியத்தில் சந்தேகமில்லை. இந்தச் செய்தி வந்த பேப்பரைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஒருவர் வந்தார். "அப்ப நிறுத்திரலாமா சார்?" டாக்டர் அவருடைய எக்கோ ரிப்போர்ட்டை எடுத்து, பம்ப் திறன் எழுதியிருந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். 35 சதவீதம். மாத்திரை தொடர்கிறது.